கடும் நோயில் குருதிக்குழல் உட்படல வளர்சிதைமாற்றம்

கடும் நோயில் குருதிக்குழல் உட்படல வளர்சிதைமாற்றம் என்பது, தீவிர சிகிச்சை பெறும் நோயாளிகளின் குருதிக்குழல்களை உட்புறமாக வேய்ந்துள்ள உயிரணுக்கள் ஆற்றல் பெறும் முறையையும், அதில் ஏற்படும் சீர்கேட்டையும் குறிக்கும். ஒற்றை உயிரணு அடுக்காலான இப்படலம் எண்டோதீலியம் எனப்படுகிறது.

இயல்பு நிலை

ஆக்சிசன் நிறைந்த குருதி எந்நேரமும் தம்மீது பாய்ந்தபோதிலும், இவ்வுயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை ஆக்சிசன் தேவைப்படாத சர்க்கரைச் சிதைவு மூலமே பெறுகின்றன. குளுக்கோசு இவற்றினுள் நுழைய இன்சுலின் தேவையில்லை. ஆர்சினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவை உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடு குருதிக்குழலைத் தளர்த்துகிறது. இதயக் குருதிக்குழல் மண்டலத்தில் இவ்வளிமத்தின் பங்கைக் கண்டறிந்தமைக்காக பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகியோருக்கு 1998 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோய் நிலை

பெருங்காயம், செப்சிசு போன்றவற்றில் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததால் குருதியில் குளுக்கோசு உயர்கிறது. தசை உயிரணுக்களுக்குள் குளுக்கோசு நுழைவது குறைகிறது. உட்படலத்திலோ அத்தகைய தடை இல்லை. மிகையாக நுழையும் குளுக்கோசு, கேடு விளைவிக்கும் ஆக்சிசன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. செப்சிசில் உட்படலத்தின் மேலுள்ள சர்க்கரை-புரதப் பூச்சும் உதிர்கிறது. இதன் சிதைவுகளைக் குருதியிலேயே அளக்கலாம். நீர்மம் கசிதலும் நுண்குழல்களில் குருதி உறைதலும் தொடர்ந்து, உறுப்புகள் செயலிழக்கின்றன.

சிகிச்சை முயற்சிகள்

பெல்சியத்தின் லூவன் நகரில், அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1,548 பேரிடம் நடந்த ஆய்வு 2001 இல் வெளியானது. குளுக்கோசை டெசிலிட்டருக்கு 80–110 மில்லிகிராமில் இறுக்கமாக வைத்தபோது, அப்பிரிவில் இறப்பு 8.0 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உட்படலம் காக்கப்படுவதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. பல நாடுகளில் இம்முறை விரைந்து பரவியது. ஆனால் 6,104 பேரைக் கொண்டு 2009 இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், இறுக்கக் கட்டுப்பாடு பெற்றோரில் 27.5 விழுக்காட்டினரும் மற்றோரில் 24.9 விழுக்காட்டினரும் 90 நாட்களுக்குள் இறந்தனர். கடுமையான சர்க்கரைத் தாழ்வும் முன்னவர்களிடமே மிகுந்திருந்தது.

நைட்ரிக் ஆக்சைடிலும் இதே கதைதான். செப்சிசு அதிர்ச்சியில் அது மிகையாகிக் குருதி அழுத்தம் வீழ்வதால், அதன் ஆக்கத்தை முழுமையாகத் தடுக்கும் மருந்து ஆராயப்பட்டது. 2004 இல் வெளியான முடிவின்படி அழுத்தம் உயர்ந்தது. இறப்பும் 49 இலிருந்து 59 விழுக்காடாக உயர்ந்தது. உட்படலம் தன் தேவைக்கு ஆக்கும் சிறிதளவையும் அம்மருந்து நிறுத்திவிடும்.

செப்சிசு சிகிச்சைக்கான 2021 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள், குளுக்கோசு 180 மில்லிகிராமை எட்டிய பின்னரே இன்சுலினைத் தொடங்கப் பரிந்துரைக்கின்றன.