லூலூ ஏன் இறகைப் பிடுங்கியது?

பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேர் 1877இல் வெளியிட்ட 'மூன்று கதைகள்' நூலில் பெலிசித்தே என்ற வேலைக்காரியின் கதை வரும். பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு அது பழக்கமானது. அதிலே லூலூ என்றொரு பச்சைக்கிளி. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. உட்காரும் கோலைக் கடிக்கும், தண்ணீரைச் சிந்தும், தன் இறகைத் தானே பிடுங்கும். எஜமானி மதாம் ஒபேன் எரிச்சல்பட்டு அதை வேலைக்காரிக்கே கொடுத்துவிடுகிறார்.

கிளிக்குக் கெட்ட பழக்கம், அவ்வளவுதான் என்று வீட்டார் எண்ணினார்கள். இதே எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. பிரெஞ்சு கால்நடை மருத்துவர்கள் இதற்கு 'பிக்காஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முற்றினால் கிளி இறகோடு நிற்காது, தோலையும் கடித்துப் புண்ணாக்கும். பார்த்ததும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உடம்பெல்லாம் மொட்டையாகித் தலை மட்டும் இறகோடு இருந்தால், அது தானே பிடுங்கியதாகத்தான் இருக்கும். தன் தலையை அலகால் எட்ட முடியாதே!

புண்ணைக் காக்க, கழுத்தில் புனல் போன்ற பட்டை மாட்டுவார்கள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் அணிந்த மடிப்புக் காலரைப் போலிருப்பதால் எலிசபெத் காலர் என்று பெயர். அது அலகைத் தடுக்கும், காரணத்தைத் தொடாது. சில கிளிகள் அதை மாட்டியதும் பதறித் தீனியே எடுக்காது. ஆகையால் கடைசி வழியாகவே வைத்துக்கொள்கிறார்கள். பூச்சி, தோல்நோய், துத்தநாகம் அல்லது ஈய நஞ்சு, வெறும் விதைத் தீனி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால்? கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இளம் அமேசான் கிளிகளை 48 வாரம் கவனித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தீனியைத் தேடி, பிரித்து எடுக்கும்படி வைத்தார்கள். ஏறி இறங்கவும் கொறிக்கவும் சாமான்கள் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு வெறும் கூண்டு, கிண்ணத்தில் தீனி. வெறுங்கூண்டுக் கிளிகளின் இறகுதான் கெட்டது. பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகு தேறியது. காட்டில் பல மணி நேரம் இரை தேடும் பறவைக்குக் கிண்ணத்துத் தீனி சில நிமிட வேலை. மீதிப் பொழுதுக்கு அதனிடம் இருப்பது அதன் உடம்புதான்.

பெலிசித்தே லூலூவோடு பேசிக்கொண்டிருந்தாள். இன்றைய மருத்துவரும் துணை வேண்டும் என்று சொல்வார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் காட்டுப் பறவை இறக்குமதியை நிரந்தரமாகத் தடுத்தது. பிரெஞ்சில் 'காபோன் சாம்பல்' என்று ஊர்ப் பெயரோடு அழைக்கப்படும் ஆப்பிரிக்கக் கிளியைக் காட்டிலிருந்து பிடித்து நாடுவிட்டு நாடு விற்பதை 2016 ஜோகன்னஸ்பர்க் மாநாடு தடை செய்தது. ஆனால் அந்தக் கிளி 40, 50 வருடம் உயிரோடிருக்கும். முன்னரே பிடிபட்டவற்றில் பல இன்னமும் யார் வீட்டுக் கூண்டிலோ இருக்கின்றன.