பெர்த் – கொக்கலை வான்வழி (1943–1945)

பெர்த் – கொக்கலை வான்வழி என்பது இரண்டாம் உலகப் போரின்போது மேற்கு ஆஸ்திரேலியாவையும் தென்னிலங்கையையும் இடைநிற்றல் இன்றி இணைத்த விமானச் சேவையாகும். 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயராலேயே இது பெரிதும் அறியப்படுகிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக இலண்டன் செல்லும் வான்வழி அத்துடன் அறுபட்டது. எஞ்சியிருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டுமே. பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி வரை நேர்கோட்டுத் தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர். இரண்டுமே ஓடுபாதை இல்லாத நீர்த்தளங்கள். 1942 ஏப்ரலில் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டறிந்த விமானமும் இதே கொக்கலையிலிருந்து புறப்பட்டதுதான்.

1943 சூலையில் குவாண்டாஸ் நிறுவனம் இச்சேவையை முறையாகத் தொடங்கியது. இதற்குக் கிடைத்தவை ஐந்து கேட்டலினா பறக்கும் படகுகள். வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களே அவற்றுக்கும் சூட்டப்பட்டன. கேட்டலினா மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். தொலைவை வேகத்தால் வகுத்தால் 28 மணி நேரம் வருகிறது. எதிர்க்காற்று வீசினால் அதுவும் போதாது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்தது. ஒரு முழு நாளுக்கும் மேலாக வானிலேயே இருந்ததால் பயணிகள் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். பெயர்க்காரணம் இதுவே. இதற்கென அவர்களுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

அந்நீண்ட நேரத்துக்கு விலையும் இருந்தது. எரிபொருளே விமானத்தின் சுமையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடம் இருந்தது. ஆயுதம் ஏதும் இல்லை. ஜப்பானிய விமானங்கள் சுற்றிவந்த பகுதியை இரவில் கடக்கும்படி புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. வானொலியைப் பயன்படுத்தினால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதால் விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். அக்காலக் கலமோட்டிகள் வைத்திருந்த கருவிகளுக்கும் இவர்களுடையவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் 1945 சூலையில் கேட்டலினாச் சேவை முடியும் வரை நிகழ்ந்த 271 பயணங்களில் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவுடனான கடன்-குத்தகை ஒப்பந்தத்தின்படி இவ்விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

1944இல் லிபரேட்டர் விமானங்களும் பெர்த் – இலங்கை வழியில் சேர்க்கப்பட்டன. அவை தரையிலிருந்து கிளம்புபவை. பயண நேரத்தைச் சுமார் 17 மணியாகக் குறைத்தன. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் தொடங்கிய பெர்த் – இலண்டன் நேரடிச் சேவையும் ஏறத்தாழ 17 மணி நேரமே எடுக்கிறது; ஆனால் அது கடக்கும் தொலைவு சுமார் 14,500 கிலோமீட்டர்.