கரை ஒதுங்கிய வாத்தியார்கள்

புதிதாக ஒரு பாஷை படிக்க ஆசைப்படுகிறவன் முதலில் கடைக்குப் போய் ஒரு புத்தகம் வாங்குகிறான். வாத்தியாரைப் பற்றிய யோசனை அப்புறம்தான் வருகிறது. ருஷ்யாவில் ஜப்பானிய பாஷை கற்க ஆரம்பித்த கதை இதற்கு நேர்மாறானது. அங்கே புத்தகம் ஒன்றும் இல்லை. வாத்தியார் மட்டும் வந்து சேர்ந்தார். அதுவும் அவராக விரும்பி வரவில்லை.

தமிழ் பேசுகிற நமக்கு ஜப்பானிய வாக்கியம் அவ்வளவு அந்நியமாகப் படாது. 'வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்' என்றால் 'நான் புத்தகத்தை வாசிக்கிறேன்' என்று அர்த்தம். வினைச்சொல் நம்முடையதைப் போலவே கடைசியில் நிற்கிறது. 'ஓ' என்பது நமது 'ஐ' உருபைப் போலப் பெயருக்குப் பின்னால் வருகிறது. எழுத்துத்தான் மிரட்டும். ஹிராகானா 46, காதாகானா 46, அதற்கு மேல் சீன எழுத்துக்கள். பொது உபயோகத்துக்கென்று ஜப்பானிய அரசாங்கம் 2010-இல் திருத்தி வெளியிட்ட ஜாபிதாவில் மட்டும் சீன எழுத்துக்கள் 2,136 இருக்கின்றன. ஆனாலும் இன்று ஆரம்பிக்கிறவனுக்கு அகராதி உண்டு, இலக்கணம் உண்டு. இவை ஒன்றுமே இல்லாத காலத்தில் ஆரம்பித்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

ஒஸாகா நகரத்து வியாபாரக் குமாஸ்தா தெம்பே. அவன் ஏறிய சரக்குக் கப்பல் யெதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, புறப்பட்டது. புயல் அதைக் கம்சாட்காவில் கொண்டுபோய்ப் போட்டது. 1697 வாக்கில் அத்லாஸோவ் என்ற கோஸாக் தலைவன் அங்கே அவனைக் கண்டான். தெம்பே தன் தேசத்தைப் பற்றி ஏதேதோ சொல்லியிருக்கிறான். 'யெதோ' என்ற பெயர் அத்லாஸோவின் காதில் இந்தியா என்று விழுந்ததாம்! ஆகையால் அவனை இந்தியன் என்றே அவன் எழுதி வைத்தான். ருஷ்யா கேட்ட முதல் ஜப்பானியப் பாடம் இப்படித் தொடங்கியது.

1702-இல் பீட்டர் சக்ரவர்த்தி தெம்பேயை நேரில் பார்த்தார். முதலில் நீ ருஷ்ய பாஷை கற்றுக்கொள், பிறகு எங்கள் பையன்கள் சிலருக்கு ஜப்பானிய பாஷை சொல்லிக் கொடு என்று உத்தரவாயிற்று. 1705-இல் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. சொல்லிக் கொடுத்து முடித்தால் ஊருக்குப் போகலாம் என்ற நம்பிக்கை தெம்பேக்கு இருந்தது. 1710-இல் அவனுக்குக் கிடைத்தது கப்பல் அல்ல, ஞானஸ்நானம். கேப்ரியல் என்று பெயர் வைத்தார்கள். அவன் ஊர் திரும்பவே இல்லை.

அடுத்த வாத்தியார் ஒரு சிறுவன். தெற்குக் கோடியில் இருக்கும் ஸாத்ஸுமாவிலிருந்து 1728-இல் புறப்பட்ட கப்பலில் 17 பேர் இருந்தார்கள். அதுவும் கம்சாட்காவில் ஒதுங்கியது. கரை சேர்ந்தவர்களைக் கோஸாக்குகள் கொன்றார்கள். ஸோஸா என்பவனும், கொன்ஸா என்ற பத்துப் பதினோரு வயதுப் பையனும் மட்டும் தப்பினார்கள். இருவரையும் தலைநகருக்குக் கொண்டு வந்தார்கள். 1736-இல் விஞ்ஞானக் கழகத்தில் ஜப்பானிய வகுப்பு ஏற்பட்டது. அதே வருஷம் ஸோஸா இறந்துபோனான்.

எஞ்சிய கொன்ஸா, நூலகத்தில் வேலை பார்த்த பொக்தானோவ் என்பவரோடு உட்கார்ந்து ஓர் அகராதி செய்தான். ஏறக்குறைய 12,000 சொற்கள். எல்லாம் ருஷ்ய எழுத்தில். பெரியவர்கள் பேசும் தத்துவச் சொல்லும் சட்டச் சொல்லும் அந்தப் பையனுக்கு எங்கே தெரியும்? சுற்றி வளைத்துத்தான் அர்த்தம் சொல்ல முடிந்தது. தெரிந்த சொற்களும் ஸாத்ஸுமா வீடுகளில் புழங்கிய கொச்சை. ஒரு நாஞ்சில்நாட்டுச் சிறுவனிடம் தமிழ் கற்ற வெள்ளைக்காரன் சென்னைக் கோட்டையில் மனுப் போடப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். 1739-இல் கொன்ஸா இறந்தபோது அவனுக்கு வயது 21.

பிறகு பள்ளிக்கூடம் சைபீரியாவிலுள்ள இர்குத்ஸ்க் நகரத்துக்குப் போயிற்று. அங்கே வாய்த்தவர்கள் ஜப்பானின் வடகோடியான நாம்பு பிரதேசத்து மாலுமிகள். தெற்குக் கொச்சை போய் வடக்குக் கொச்சை வந்தது.

1789-இல் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் கோதாயு என்ற கப்பல் தலைவர். ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டார். இங்கேயே இரு, வாத்தியார் வேலை தருகிறோம் என்பதுதான் அதிகாரிகளின் பதில். அவர் விடவில்லை. 1791-இல் காதரீன் மகாராணியையே கண்டு அனுமதி வாங்கினார். அவரோடு புறப்பட்ட 17 பேரில் அப்போது மிஞ்சியவர்கள் ஐந்து பேர். பனியில் காலை இழந்த ஷோஸோவும், ஷின்ஸோ என்பவனும் மதம் மாறிவிட்டதால் ஊர் திரும்ப வழியில்லை. பிரியும் நேரத்தில் ஷோஸோ கோதாயுவைக் கட்டிக்கொண்டு கதறியதை ஜப்பானியர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இருவரும்தான் பள்ளிக்கூடத்தின் அடுத்த வாத்தியார்கள்.

கோதாயுவை ஏற்றிக்கொண்டு 1792-இல் ஜப்பானுக்குப் போன லாக்ஸ்மானின் தூதுக்குழு, ஜப்பானிய பாஷையில் எழுதிய கடிதம் ஒன்றையும் கொண்டு போயிற்று. பள்ளிக்கூடம் தோன்றி 87 வருஷங்கள் ஆகியிருந்தன. ஜப்பானிய அதிகாரிகள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். எழுத்து எங்கள் கானா மாதிரி இருக்கிறது, ஆனால் விளங்காத இடங்கள் பல என்று சொல்லிவிட்டார்கள். 1816-இல் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள்.

மாணவர்கள் மந்தம் என்று நான் நினைக்கவில்லை. வாத்தியார்களிடம் எது இருந்ததோ அதை அவர்கள் சரியாகவே கற்றிருப்பார்கள். ராஜாங்கத்துக்கு வேண்டியிருந்தது அரண்மனைப் பாஷை. கையில் அகப்பட்டது மாலுமியின் பேச்சும் சிறுவனின் பேச்சும். போக விடாமல் பிடித்து வைத்தால் மனிதன் இருப்பான். ஆனால் அவன் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாஷை வருஷத்துக்கு வருஷம் வற்றிப் போகும். ஊரில் பேச்சு மாறிக்கொண்டே இருக்க, பிடிபட்டவன் வாயில் அது புறப்பட்ட நாளிலேயே நின்றுவிடும்.

இருநூறு வருஷங்களுக்குப் பின் கொன்ஸாவின் அகராதிக்கு வேறொரு மதிப்பு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஸாத்ஸுமா ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று அறிய ஜப்பானிய அறிஞர்களே அதைப் புரட்டுகிறார்கள். சீன எழுத்தில் எழுதியிருந்தால் உச்சரிப்பு மறைந்து போயிருக்கும். ருஷ்ய எழுத்து அதை ஒலி பிசகாமல் காப்பாற்றிவிட்டது. பையன் திரும்ப முடியாத ஊருக்கு அவன் பேச்சு திரும்பிப் போயிற்று.