‘பயங்கரவாதி’ என்று யாரை எழுதுகிறார்கள்? பாராவிலிருந்து பதானி தோலா வரை



ஒவ்வொரு சாதிக் கொலைக்குப் பிறகும் நாம் நடத்தும் கூட்டங்களில் ஒரு குரல் தவறாமல் எழுகிறது. “இது பயங்கரவாதம் இல்லையா? இவங்க மேல ஏன் ஊபா போடல?” கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஒரு சேரியையே ஊரைவிட்டு ஓடவைக்கும் வன்முறைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? எங்களில் சிலரும் அந்த முழக்கத்தைப் பதாகையில் எழுதிப் பிடித்தவர்கள்தான். இப்போது எழுதுவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பீகாருக்குப் போக வேண்டும்.

பாரா, 1992

1992 பிப்ரவரி 12 இரவு. கயா மாவட்டத்தில் பாரா என்ற கிராமம். மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையத்தைச் சேர்ந்த ஆயுதக் கூட்டம் ஊருக்குள் நுழைந்து பூமிஹார் சாதி ஆண்களைப் பிடித்துச் சென்று கொன்றது. 35 பேர் இறந்தார்கள். அது கொடூரம். நிலவுடைமைச் சாதிகளின் சேனைகள் அதற்கு முன்பு தலித்துகளைக் கொன்றிருந்தன என்ற காரணத்தைச் சொல்லி அந்தக் கொலைகளை நாங்கள் நியாயப்படுத்த மாட்டோம்.

நம் கேள்வி வேறு. இந்த வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வழியில் நடந்தது?

தடா என்று நாம் அறிந்த பயங்கரவாத மற்றும் சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தது. கயாவில் இருந்த தடா நீதிமன்றம் 2001இல் நான்கு பேருக்குத் தூக்கு விதித்தது. இருவர் பெயரின் பின்னால் ‘மோச்சி’. ஒருவர் பெயரின் பின்னால் ‘பாஸ்வான்’. தோல் தைக்கும் சாதி, காவல் வேலை செய்த சாதி. படித்தவுடன் சாதி தெரியும் பெயர்கள். 2002 ஏப்ரல் 15 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மறுநாள், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் நான்கு தூக்கையும் உறுதி செய்தார்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் ‘கிருஷ்ணா மோச்சி எதிர் பீகார் அரசு’ என்று தேடினால் கிடைக்கும். மூன்றாவது நீதிபதி எம்.பி. ஷா உடன்படவில்லை. நால்வரில் ஒருவரை விடுதலை செய்ய வேண்டும், மற்ற மூவருக்கும் தூக்கை ஆயுளாகக் குறைக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி நிரபராதி என்று சொன்ன மனிதர் தூக்குத் தண்டனைக் கைதியாகவே பல ஆண்டுகள் இருந்தார். 2017இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நால்வரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தார்.

தடா என்ன செய்தது?

தடா 1985இல் வந்தது, 1987இல் திரும்ப இயற்றப்பட்டது, 1995 மே மாதம் காலாவதியானது. தண்டனையைக் கூட்டியது மட்டும் அதன் வேலை இல்லை. தண்டனைக்குப் போகும் பாதையையே அது மாற்றியது. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒப்புதல் வாக்குமூலம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று வெள்ளைக்காரனே எழுதிவைத்தான். லாக்கப்பில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தடாவின் 15ஆம் பிரிவு அந்தத் தடுப்பை உடைத்தது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி எழுதி வாங்கினால் அது சாட்சியம். 1994 மார்ச்சில் கர்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் இந்தப் பிரிவு செல்லும் என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன்.

இரண்டாவது, பிணை. குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் பிணை. வழக்கு தொடங்கும் முன்பே நிரபராதி என்று காட்ட வேண்டும்.

மூன்றாவது, மேல்முறையீடு. நாம் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். சாதாரணக் கொலை வழக்கில் செசன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது. அங்கே நீதிபதிகள் சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோடுவார்கள். அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம். தடா இந்த நடுப்படியை எடுத்துவிட்டது. தடா நீதிமன்றம், அடுத்தது நேராக டெல்லி. கயாவின் கூலித் தொழிலாளிக்குப் பாட்னா உயர் நீதிமன்றத்தின் கதவு மூடியே இருந்தது.

நடுப்படி இருந்தவர்கள்

அந்த நடுப்படி என்ன செய்யும் என்பதை அதே பீகாரில் பார்க்கலாம்.

1996 ஜூலை 11, போஜ்பூர் மாவட்டம் பதானி தோலா. ரண்வீர் சேனா 21 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1997 டிசம்பர் 1, லட்சுமண்பூர் பாத்தே. ஒரே இரவில் 58 பேர்.

இரண்டு வழக்குகளிலும் 2010இல் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. பதானி தோலாவுக்கு மூன்று தூக்கு, 20 ஆயுள். பாத்தேவுக்கு 16 தூக்கு, 10 ஆயுள். வழக்குகள் பாட்னா உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2012 ஏப்ரலில் பதானி தோலாவின் 23 பேரும் விடுதலை. 2013 அக்டோபரில் பாத்தேவின் 26 பேரும் விடுதலை. நேரில் கண்ட சாட்சிகளை நம்ப முடியாது என்பதே காரணம். தன் கண்முன்னே குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களின் சொல் போதவில்லை.

இதற்கிடையில், ரண்வீர் சேனாவுக்கு இருந்த அரசியல் தொடர்புகளை விசாரிக்க அமைத்த நீதிபதி அமீர்தாஸ் ஆணையம் 2006இல் கலைக்கப்பட்டது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதை மறைக்கக் கூடாது. தடா 1995இல் காலாவதியானது. பதானி தோலாவும் பாத்தேவும் அதற்குப் பின்னால் நடந்தவை. அவற்றில் தடா போட்டிருக்கவே முடியாது. உண்மைதான். எனவே தடா உயிரோடு இருந்த காலத்திலேயே ஒன்றை எடுப்போம்.

1991 ஆகஸ்ட் 6, ஆந்திராவின் குண்டூர் மாவட்டம் சுண்டூர். பாராவுக்கு ஆறு மாதம் முன்பு. ஆதிக்கச் சாதியினர் எட்டு தலித்துகளை விரட்டி வெட்டிக் கொன்று, உடல்களைச் சாக்கில் கட்டிக் கால்வாயில் வீசினார்கள். தடாவின் 3ஆம் பிரிவு பயங்கரவாதச் செயலை எப்படி வரையறுத்தது? மக்களிடமோ மக்களில் ஒரு பிரிவினரிடமோ பீதியை உண்டாக்கும் நோக்கத்தோடு கொலைக் கருவிகளைப் பயன்படுத்துவது. பல்வேறு பிரிவு மக்களிடையே உள்ள இணக்கத்தைக் கெடுப்பதும் அதில் உண்டு. சுண்டூர் அந்த வரையறைக்குள் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அந்த ஆண்டுகளில் ஆந்திராவில் நக்சல் வழக்குகளுக்குத் தடா தாராளமாகப் பயன்பட்டது. சுண்டூர் வழக்கு தடா நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தது. 16 ஆண்டுகள் கழித்து, 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

ஆக, எழுத்தில் உள்ள வரையறை யாரையும் பயங்கரவாதி ஆக்குவதில்லை. முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவை எழுதுவது என்று முடிவெடுக்கும் அதிகாரியின் பேனா ஆக்குகிறது. அந்தப் பேனா சாதி பார்க்கும். மதமும் பார்க்கும். 2002இல் தடாவின் இடத்துக்குப் பொடா வந்தது. குஜராத்தில் கோத்ரா ரயில் எரிப்பு வழக்கில் முஸ்லிம்கள் மீது பொடா போட்டார்கள். அதைத் தொடர்ந்த படுகொலைகளுக்கு வழக்கமான தண்டனைச் சட்டம் போதுமானதாக இருந்தது.

நம் ஊருக்கு வந்தபோது

தமிழ்நாடும் இந்தப் பாதையைப் பார்த்தது. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூவிருந்தவல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் மிச்சமில்லை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தக் கொலை தடாவின் கீழ் வராது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது. மரம் விழுந்தது, அதன் நிழல் மட்டும் நின்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 19 வயதில் கைதான பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

2002இல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடாவில் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். அதே பொடாவுக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு தந்தவர் அவர். இந்தச் சட்டங்களின் குணம் அதுதான்: யாருக்காகச் செய்தோம் என்று செய்தவருக்கே தெரியாது.

இன்றைய ஊபா

பொடா 2004இல் நீங்கியது. அதன் பயங்கரவாத அத்தியாயம் அதே ஆண்டில், 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறியது. அதுதான் ஊபா. 2008இல் பிணைத் தடையும், குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கும் அதிகாரமும் சேர்ந்தன. 2019இல் விசாரணை இல்லாமலே ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது.

போலீஸ் வாக்குமூலத்தை ஊபா ஏற்பதில்லை. உயர் நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேரவே பல ஆண்டுகள் ஆகின்றன. தடா தீர்ப்பால் தண்டித்தது. ஊபா காத்திருப்பால் தண்டிக்கிறது. 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே பிணை கிடையாது. 2016 முதல் 2019 வரை 5,922 பேர் கைது, 132 பேருக்குத் தண்டனை. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு.

பீமா கோரேகான் வழக்கை நினைத்துப் பாருங்கள். மகர் படைவீரர்களின் நினைவைப் போற்றக் கூடிய மக்கள் 2018 ஜனவரி 1 அன்று தாக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் ஆனந்த் டெல்டும்டே ஒருவர். அவர் சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்கண்டில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்ட ஸ்டான் சுவாமி, தாமே விசாரணைக் கைதியாக 2021 ஜூலை 5 அன்று இறந்தார். வயது 84.

2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவிலும் பயங்கரவாதம் வந்துவிட்டது. அந்தப் பிரிவில் வழக்குப் போடுவதா, ஊபாவில் போடுவதா என்று முடிவு செய்பவர் எஸ்.பி. பேனா மறுபடி அதே கையில்.

அப்படியானால் என்ன கேட்பது?

“அவர்கள் மேலும் ஊபா போடு” என்று நாம் கேட்கும்போது, அந்தச் சட்டம் நியாயமானது, தவறான ஆள் மேல் பாய்கிறது, அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்கிறோம். நாளை ஒரு சாலை மறியலில் நம் பிள்ளைகள் மேல் அது பாயும்போது எதிர்த்துப் பேச நமக்கு வாய் இருக்காது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும் என்ற 22ஆம் உறுப்பை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அம்பேத்கர். அந்த உரிமை கொலைகாரனுக்கும் உண்டு. அவனுக்கு இல்லாமல் போனால் முதலில் இழப்பவர்கள் நாம்.

நமக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அது கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டும். 60 நாளில் முடிக்க வேண்டும். கடமை தவறிய அதிகாரி மீது 4ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். 15ஏ பிரிவின்படி, பிணை மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்டாக வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும். இதே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லித்தான் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீர்க்கச் செய்தது. தெருவில் இறங்கித்தான் அதை மீட்டோம்.

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். ஆனால் திருச்செங்கோடு கோயிலின் சி.சி.டி.வி. பதிவு இருந்தது. தன் பிள்ளைக்காக நீதிமன்றப் படிகளை விடாமல் ஏறிய ஒரு தாய் இருந்தார். சிறப்பு அரசு வழக்கறிஞர் இருந்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, இருவருக்கு மட்டும் ஐந்து ஆண்டாகக் குறைத்தது. ஊபா இல்லை, தடா இல்லை. நடுப்படியும் இருந்தது. அந்தப் படியிலும் தீர்ப்பு பெரும்பாலும் நின்றது.

பதானி தோலாவின் கொலைகாரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. பாராவின் மோச்சிக்கும் பாஸ்வானுக்கும் அந்தப் படி இருந்திருக்க வேண்டும் என்கிறோம். பதானி தோலாவின் தாய்மார்களின் சாட்சியத்துக்கு அந்தப் படியில் மதிப்பு இருந்திருக்க வேண்டும் என்கிறோம். அடுத்த கூட்டத்துக்குப் பதாகை எழுதும்போது 4ஆம் பிரிவையும் 15ஏ பிரிவையும் எழுதுங்கள். அடுத்த வழக்கில் முதல் நாளே காவல் நிலையத்தில் போய் நில்லுங்கள். அந்தப் பேனா எழுதும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.