பிறந்தநாள் யாருக்கு?

காஞ்சி மாநகரில் பிறந்தநாள் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆவணியில் கண்ணனுக்குப் பிறந்தநாள். சித்திரைத் திருவாதிரையில் இராமானுசருக்குப் பிறந்தநாள். புரட்டாசித் திருவோணத்தில் தூப்புல் வேதாந்த தேசிகருக்கு. ஐப்பசித் திருவோணத்தில், திருவெஃகாவில் தோன்றினார் என்று கூறப்படும் பொய்கையாழ்வாருக்கு! மேளம் முழங்கும், தீவட்டி ஒளிரும், வீதியெங்கும் கூட்டம் நெரியும். ஆண்டவன் பிறப்பும் இறப்பும் அற்றவன் என்று காலையில் பாடிய வாயே, மாலையில் அவனுக்குப் பிறந்தநாள் பட்டுடுத்தி வாழ்த்தும். இது முரண்பாடு அல்லவா என்று கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள். முறைக்கட்டும், நாம் இன்று கேட்க வந்த கேள்வி அதுவன்று.

அந்தப் பட்டை நெய்தவன் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று? இதுவே நமது கேள்வி.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து, தறிக்குழியில் காலிறக்கி ஓர் ஆயுளையே கழித்துவிட்ட முதியவர்களிடம் இதனைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் பெரும்புயல் அடித்த ஆண்டு என்பார், இன்னொருவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியதுதான் தமது பிறந்தநாள் என்பார். பொய்யன்று அது. பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வது அந்நாள் வழக்கம். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று முடிவு. பள்ளி திறப்பது ஜூன் திங்கள். எனவே ஜூன் திங்களில் ஏதோ ஒரு நாள், பிள்ளை பிறந்த நாளாகிவிடும். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம் வியந்ததுண்டு: தமிழ்நாட்டு ஏழைத் தாய்மார் அனைவரும் பேசி வைத்துக்கொண்டு ஜூன் திங்களில்தான் ஈன்றனரோ! வியப்பு அடங்கியபின் வெட்கம் வரும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் ஏழையின் பிறப்பு ஏட்டில் ஏற நெடுங்காலம் ஆயிற்று.

பிறந்தநாள் கொண்டாட்டமே மேனாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்பாரும் உளர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், அரசன் சினத்தை நீக்கித் தன் பிறந்தநாளைக் கொண்டாடும் பெருமங்கலத்தைப் பாடாண் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. வெண்மை உடுத்துவதால் அந்நாளை வெள்ளணி நாள் என்றும் வழங்கினர். எண்ணிப் பாருங்கள்: பிறந்தநாளின் முதற்கடமையாகத் தமிழன் கண்டது விருந்தன்று, சினத்தை விடுதல்! எத்துணை உயர்ந்த கருத்து! ஆனால், அந்த உயர்வு அரண்மனை வாயிலோடு நின்றுவிட்டது. சோழர் காலத்தில் இராசராசனின் சதயமும் இராசேந்திரனின் ஆடித் திருவாதிரையும் விழா நாட்களாயின. அரசன் பிறந்த விண்மீன் நாளில் கோயிலில் விழா நடத்தப் பொன்னும் நிலமும் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நாளும் கோளும் அரசனுக்கே உரியவை. குடிமகனுக்கு உரியது வரி ஒன்றே.

இலக்கியத்தின் பக்கம் வாருங்கள். குழந்தையைப் பாட ஒரு தனி இலக்கிய வகையே கண்ட மொழி நம் மொழி. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவம் பருவமாகப் பிள்ளையின் வளர்ச்சியைக் கண்டு களிப்பது பிள்ளைத்தமிழ். அந்த வகையில் நமக்குக் கிடைத்த முதல் நூலைப் பாடியவர் ஒட்டக்கூத்தர். நெசவுத் தொழில் புரியும் செங்குந்தர் மரபினர் அவரைத் தம்மவர் என்று பெருமையோடு கூறுவர். அவர் பாடியது யாரை? தறிக்குழியருகே தவழ்ந்த பிள்ளையையா? இல்லை, இரண்டாம் குலோத்துங்க சோழனை! நெசவாளர் மரபில் வந்தார் எனப்படும் புலவனுக்கும் நெசவாளர் பிள்ளை கண்ணில் படவில்லை. குற்றம் புலவனுடையதன்று, பிறப்பு என்றாலே உயர்பிறப்பு என்று பொருள் கொண்ட சமுதாயத்தின் குற்றம் அது.

ஏழைப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கிட்டவில்லை. ஆனால் சாதகம் கிட்டியது. நாளைக் குறிக்கத் தெரியாத வீட்டிலும், விண்மீனைக் குறிக்கப் பஞ்சாங்கம் தவறாமல் நுழைந்தது. சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்! பிறந்து மூன்று நாழிகையாகாத பெண்மகவின் நெற்றியில், மாமனாரைக் கொல்ல வந்தவள் என்று எழுதி ஒட்டிய கொடுமை வேறெங்குண்டு? மூலத்தில் பிறந்த பெண்ணுக்கு மணம் தள்ளிப்போன வீடுகளை நாம் அறிவோம். ஆண்மகவுக்கு அரியணை தந்த அதே விண்மீன், பெண்மகவுக்குத் தூக்குக்கயிறு தந்தது என்றால், ஏற்றத்தாழ்வு விண்ணில் இல்லை, எழுதியவன் விரலில் இருந்தது என்பதே உண்மை.

ஐரோப்பாவிலும் இந்த விழா மேலிருந்தே கீழே இறங்கி வந்தது. 1746ஆம் ஆண்டில் சின்சென்டார்ஃப் என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக்கு ஒன்று செய்து, வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்திகளை அதில் நட்டனர் என்று அந்நாள் குறிப்பு உண்டு. பிரபுவின் கேக்கு மெல்ல மெல்லக் குழந்தைகளின் மேசைக்கு வந்தது. இன்று பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கும் ஆங்கிலப் பிறந்தநாள் பாட்டின் கதையோ இன்னும் சுவையானது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், மழலையர் பள்ளி ஆசிரியை பாட்டி ஹில்லும் அவர் தமக்கை மில்ட்ரெட் ஹில்லும், காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வரவேற்க எளிய பாட்டொன்றை அமைத்து, 1893இல் நூலில் வெளியிட்டனர். அந்த மெட்டிலே பின்னர் பிறந்தநாள் சொற்கள் ஏறின. பிள்ளைகள் பாடுவதற்காக ஆசிரியை தந்த மெட்டு, பிற்காலத்தில் வணிகக் குழுமத்தின் உடைமையாயிற்று. பாடினால் பணம் என்றனர்! 2015இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. 2016இல் பாட்டு பொதுவுடைமையாயிற்று. அரசனிடமிருந்தும் பிரபுவிடமிருந்தும் வணிகனிடமிருந்தும் மீட்கப்பட்டால்தான் ஒரு விழா மக்களுடையதாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் அந்த மீட்பு நடந்தது. காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பமொன்றில், 1909 செப்டம்பர் 15இல் பிறந்தார் அறிஞர் அண்ணா. அரண்மனைப் பிறப்பன்று, அவதாரமுமன்று, எளிய வீட்டில் ஒரு மகவு பிறந்தது, அவ்வளவே. 1949இல் கழகம் தொடங்கத் தேர்ந்த நாள் செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாள். கடவுளின் பிறந்தநாளுக்கு மாற்றாக, மனிதனின் பிறந்தநாள் நாட்டின் நாட்காட்டியில் ஏறியது. காமராசர் பிறந்த ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளாயிற்று. அண்ணா பிறந்தநாளில், 2022ஆம் ஆண்டு, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. தலைவனின் பிறந்தநாளில் பிள்ளையின் பசி தீர்ந்தால், அது விழா. தலைவனின் பிறந்தநாளில் சுவரொட்டியும் சரவெடியும் மட்டும் மிஞ்சினால், அது பழைய வெள்ளணியின் நிழல். இதனைப் பிறருக்கு மட்டுமன்றி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இனி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் பிரியாதபடி ஊடையிலேயே கோத்துக்கொள்ளும். அதற்கு உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரு நாடா, ஆக மூன்று நாடாக்கள். நெசவாளர் ஒருவரின் இரண்டு கைகள் போதா; பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள ஒரு துணைக்கை வேண்டும். அந்தக் கை பலகாலம் பிள்ளையின் கையாக இருந்தது. திருமணத்துக்கும் நோய்க்கும் சடங்குக்கும் தந்தை வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை ஈடாக உட்கார்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. ஆயினும் 2003இல் பன்னாட்டு மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பொன்று இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில், காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. உலகம் போற்றும் சேலையில் அந்தச் சிறுவிரல்களின் தழும்பு தெரியாது, சரிகை மறைத்துவிடும்.

இங்கேதான் பிறந்தநாள் வெறும் விளையாட்டன்று என்பது விளங்குகிறது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறையாதவரைக் குழந்தை என்றது. நெசவையும் தடைப்பட்டியலில் வைத்தது. ஆனால், குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடக்கும் பட்டறைக்கு விலக்கும் தந்தது. வயதுச் சான்று இல்லாமல் வழக்கெழுந்தால், மருத்துவ அதிகாரி பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. அதாவது, பிறந்தநாள் இல்லாத பிள்ளையின் குழந்தைமையே ஐயத்துக்குரியதாயிற்று! 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்று கூறியபோதும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற சிறு கதவைத் திறந்தே வைத்தது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, பிறந்தவுடன் பதிவு பெறுவதும் பெயர் பெறுவதும் ஒவ்வொரு மகவின் உரிமை என்றது. இந்தியா அதனை 1992இல் ஏற்றது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றே தனி ஆவணம் என்று சட்டம் திருந்தியது. தேதி என்பது வெறும் எண்ணன்று, தோழர்களே! இன்னும் சின்னப்பிள்ளை, தறியை விட்டு விலக்கு, பள்ளிக்கு அனுப்பு என்று அது ஆண்டுதோறும் கூறும் சாட்சி.

ஆதலால் நாம் கூறுகிறோம்: ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடுங்கள், ஆனால் சிறிதாக, அறிவோடு கொண்டாடுங்கள்.

கடன் வேண்டாம். முதலாண்டு நிறைவுக்கு மண்டபம் பிடித்து, ஊரழைத்து, வட்டிக்கு வாங்குவது, பிள்ளைக்குப் பிறந்தநாளிலேயே பூட்டும் விலங்கு. ஆயுள் வேள்வி வேண்டாம். பிள்ளையின் ஆயுளைக் காப்பது புகையன்று, தடுப்பூசி. விண்மீன் பார்க்க வேண்டாம். சான்றில் உள்ள தேதி போதும். மெழுகுவத்தி வேண்டுமா என்று கேட்பார்கள். விளக்கணைப்பது தீக்குறி என்று அஞ்சி மறுப்பவனும் பஞ்சாங்கத்துக்கு அடிமை. மேனாட்டான் செய்தான் என்பதற்காகவே செய்பவனும் அடிமை. பிள்ளை மகிழ்ந்தால் ஏற்றுங்கள், இல்லையேல் விடுங்கள்.

பிற்பகலில் இரண்டு மணி நேரம் போதும். சின்னஞ்சிறு பிள்ளைகள் அதற்குமேல் களைத்து அழுவர். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு தோழர் போதும். அவர்கள் ஒரே தெருவினராக, ஒரே சாதியினராக இருத்தலாகாது. குடியிருப்பின் மறுகோடியில் உள்ள பிள்ளைக்கும் அழைப்புப் போகட்டும், அனைவரும் ஒரே வரிசையில் அமரட்டும். தின்ன என்ன? மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் நம் ஊர் இட்லி இருக்கிறது. வரதராசருக்குப் படைக்கும்போது அதனை எவ்வளவு பெரிதாக வேகவைக்கிறார்கள்! அதையே வட்டமாக வேகவைத்து, மிளகைச் சற்றுக் குறைத்து, துண்டுபோட்டுப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். கேக்குக்கு அது இளைத்ததன்று. விளையாடக் கண்ணாமூச்சியும் நொண்டியும் உண்டு. கேட்கப் பாட்டியின் கதை உண்டு. பரிசு கொணர வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள்; கொணர இயலாத வீட்டுப் பிள்ளை வாராமல் நின்றுவிடக் கூடாது. கதவு நிலையில் பிள்ளையை நிறுத்தி, உயரத்தைக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோட்டைப் பிள்ளை தாண்டியிருப்பதைக் காண்பதே அம்புலிப் பருவத்தினும் இனிய பருவம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. அன்றைக்கு அரைநாள் தறியை நிறுத்துங்கள். கூலி குறையும், அறிவோம். கூடத்தை அடைத்து நிற்கும் தறியில் எண்ணெய்க் கை படாதிருக்க, பாவின்மீது வெள்ளைத் துணியொன்றைப் போர்த்துங்கள். சினம் நீங்கி அரசன் வெண்மை உடுத்த நாள் போயிற்று. தறி வெண்மை உடுத்திப் பிள்ளைக்கு வழிவிடும் நாள் வரட்டும். அன்று அந்த வீட்டில் எவரும் பிள்ளையை அடியார், வையார், வேலை ஏவார்.

முதியவர் ஒருவர் அந்த விருந்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். ஜூன் திங்களில் வாத்தியார் பிறப்பித்த முதியவர். பேரனிடம் சொல்லி, முதல் துண்டை அவர் கையில் கொடுக்கச் செய்யுங்கள். அவருக்கும் சேர்த்தே அந்தப் பிறந்தநாள்.