எம்டனும் குமுதினியும்: தகட்டில் ஏறாத கடல் வரலாறு

கெட்டிக்காரனையும் எத்தனையும் ஒருசேரக் குறிக்கத் தமிழர் வழங்கும் சொல் ‘எம்டன்’. 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. பின்னர் அக்கப்பல் இலங்கைக் கடலிலும் வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அழிந்தது. ஆனால் இன்றும் அதனைக் காசு கொடுத்து வாங்கலாம். ரெவெல் என்னும் நிறுவனம் அதனை 350இல் ஒரு பங்கு அளவில் உதிரிப்பாகப் பெட்டியாக வெளியிட்டது. 118 மீற்றர் நீளமான கப்பல், மேசையின்மேல் 34 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது.

அப்பெட்டியை வாங்குவோர் அத்துடன் நிறுத்துவதில்லை. கப்பலின் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், படிக்கட்டுகள் ஆகியவற்றுக்கெனத் தனியாக விற்கப்படும் மெல்லிய பித்தளைத் தகடுகளையும் வாங்குகின்றனர். இவற்றை ‘போட்டோ எட்ச்’ தகடுகள் என்பர். காரணம் எளிய கணக்கு. மூன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள கைப்பிடிக் குழாய், 350இல் ஒரு பங்காகும்போது மில்லிமீற்றரில் பத்திலொன்றாகிறது. பிளாஸ்ரிக் குழம்பை அச்சில் செலுத்தி அவ்வளவு மெல்லிய இழையை வார்க்க இயலாது. அரை மில்லிமீற்றர் தடிப்பில் வார்த்தாலோ, அது உண்மைக் கப்பலில் பதினேழரைச் சென்ரிமீற்றர் தடித்த கம்பிக்குச் சமம். கப்பலின் விளிம்பில் கைப்பிடிக்குப் பதிலாகப் பனைமரச் சலாகையை அடுக்கியது போலத் தோன்றும். பித்தளைத் தகடோ பத்திலொரு மில்லிமீற்றர் தடிப்பிலும் தன் வடிவம் குலையாமல் நிற்கும்.

அத்தகட்டை எவரும் கத்தரியால் வெட்டுவதில்லை. உறுப்பின் வடிவத்தை முதலில் வரைந்து படச்சுருளில் ஏற்றுவர். ஒளிபட்டால் இறுகும் பூச்சு ஒன்றைத் தகட்டின் இரு பக்கமும் பூசி, படச்சுருளினூடாகப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவர். ஒளிபட்ட இடம் இறுகும். படாத இடத்துப் பூச்சைக் கழுவி அகற்றுவர். பின்னர் பெரிக் குளோரைட்டுக் கரைசல் திறந்து கிடக்கும் உலோகத்தை அரித்துத் தின்னும். இரு பக்கமும் திறந்திருந்தால் துளை விழும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழம்வரை பள்ளம் விழும். அப்பள்ளத்தின் வழியே தகட்டை மடித்தால் நேரான மூலை கிடைக்கும். சட்டத்தோடு ஒட்டிநிற்கும் சிறு காம்புகளைக் கூரிய கத்தியால் அறுத்து உறுப்பை விடுவித்து, சுப்பர் குளூ எனப்படும் பசையால் பொருத்த வேண்டும். வளைக்க வேண்டிய உறுப்பை முன்னதாகச் சுடரில் காட்டி இளக்கிக்கொள்வதும் உண்டு.

பழைய பத்திரிகைக்காரருக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. இது நம் அச்சகத்துப் ‘புளொக்’ அன்றி வேறில்லை. ஓப்செற் அச்சு வருமுன் பத்திரிகையில் ஒரு படம் வரவேண்டுமானால், நாகத் தகட்டில் ஒளியால் படத்தைப் பதித்து, அமிலத்தால் அரித்துத்தான் புளொக் செய்ய வேண்டும். அங்கே அரிபடாமல் மேடாக எஞ்சிய பகுதி மையை ஏந்தியது. இங்கே எஞ்சிய பகுதியே ஏணியாகவும் கம்பியாகவும் ஆகிறது. வேறுபாடு அவ்வளவே. இதன் வேர் 1820களில் பிரான்சின் நியெப்ஸ் ஒளியால் இறுகும் நிலக்கீலைக் கொண்டு உலோகத்தட்டில் படம் பதித்த முயற்சியில் உள்ளது. 1852இல் இங்கிலாந்தின் பொக்ஸ் டல்பொட் ஒளியால் தகட்டைச் செதுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1882இல் ஜெர்மனியின் மைசன்பாக் படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் முறையைக் காப்புரிமைப்படுத்தியபின், நிழற்படம் நாளேட்டுக்குள் நுழைந்தது. அச்சுலகம் கைவிட்ட கலையை மாதிரிக் கப்பல் கட்டுவோர் இன்று காப்பாற்றி வருகின்றனர்.

இனி நம் கடலுக்கு வருவோம். ஜெர்மன் கப்பலுக்குக் கைப்பிடிக் கம்பி விற்கும் கடையில் ஊர்காவற்றுறைத் தோணிக்கு ஒரு கொளுக்கி கேட்டால் கிடைக்காது. வரலாறு இல்லாத துறைமுகமா அது? நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் கப்பற் சட்டம் எழுதி நிறுத்திய தீவு இது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

போர்த்துக்கேயர் துறை என்னும் பொருளில் வைத்த பெயரிலிருந்தே ஆங்கிலத்தின் ‘கயிற்ஸ்’ பிறந்தது. யானைகள் கப்பலேறிய துறை அது. ஒல்லாந்தர் வந்தபின் தம் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. துறையைக் காக்கும் நீர்க்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையாகக் கண்டு, இவ்விடத்தை அதன் குதியென்று கருதினர். இக்கோட்டைகளின் வரைபடங்கள் ஒல்லாந்தரின் ஆவணங்களில் இருக்கின்றன. கோட்டையின் காலடியில் மிதந்த தோணிகளுக்கோ அத்தகைய வரைபடம் அரிது.

இதற்குக் காரணம் உண்டு. நம் ஓடாவிகள் தாளில் வரைந்து கப்பல் கட்டவில்லை. அளவு அவர்களுடைய கையிலும் கண்ணிலும் இருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றது. அப்படிக் கட்டிய கப்பல் உலகின் எந்தக் கடலையும் தாங்கும் என்பதற்கு அன்னபூரணி சாட்சி. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமான அப்பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்றனர். 1938 ஓகஸ்டில் அது மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது.

பதிவு செய்ய முனைந்த பிறநாட்டவர் சிலர் இருந்தனர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மொண்ட் பரி, 1840களில் ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ள மக்களின் மரக்கலங்களை அளந்து வரைந்து பெருநூலாக வெளியிட்டார். அவ்வரைபடங்களைக் கொண்டு செய்யப்பட்ட மாதிரிகள் பாரிசின் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹோர்னெல், இந்திய, இலங்கைக் கலங்களைப் பற்றியும் அவற்றின் முகப்பில் கண் பொறிக்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுதினார். பரியின் பணி ஒன்றை நமக்குத் தெளிவாக்குகிறது. அளந்தவன் இருந்தால், கப்பல் உளுத்துப்போன பின்னும் அதனை மீண்டும் கட்டலாம்.

நம்மிடம் இருந்த பதிவுகளுக்கு நேர்ந்த கதியும் தெரிந்ததே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையானது. ஆகவே எஞ்சியிருக்கும் கலங்களே இன்று நமது ஆவணங்கள்.

அவற்றுள் முதலில் அளக்கப்பட வேண்டியது எது என்று கேட்டால், குமுதினி என்பேன். நெடுந்தீவு மக்களைப் பல தசாப்தங்கள் சுமந்த பயணப் படகு அது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த அப்படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், பெண்களும் குழந்தைகளுமாகப் பொதுமக்களை வெட்டிக் கொன்றனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியமளித்தனர். ஆண்டுதோறும் நெடுந்தீவில் அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர். இறந்தோரின் பெயர்கள் கல்லில் உள்ளன; அவர்கள் எந்தப் பலகையில் அமர்ந்திருந்தனர், வெளியேறும் வழி எத்தனை அடி அகலம் என்பவற்றைச் சொல்ல அளந்த வரைபடம் வேண்டும். மாதிரியுரு விளையாட்டுப் பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சாட்சியத்தை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு கலத்தை 48இல் ஒரு பங்காகக் கொண்டால், அன்னபூரணியும் 57 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். உடலை மரத்தில் செய்யலாம். பாய்மரத்தையும் மரத்திலேதான் கடைய வேண்டும், தட்டையான தகடு உருண்டையைத் தராது. வளையங்கள், கைப்பிடிகள், யன்னற் சட்டங்கள், படகின் பெயரெழுத்துகள், முகப்பின் கண் ஆகியவற்றைத் தகட்டில் அரித்தெடுக்கலாம். பாதி ஆழ அரிப்பு, எழுத்துக்கும் கண்ணுக்கும் பொருத்தமானது. கணினியில் வரைந்து அனுப்பினால் சிறு தகடுகளை அரித்துக் கொடுக்கும் பட்டறைகள் பல நாடுகளில் உண்டு. ஒருமுறை வரைந்த படம், ரொறன்ரோவில் ஒருவருக்கும் பாரிசில் ஒருவருக்கும் அதே அச்சொட்டான உறுப்பைத் தரும்.

விலை கொடுத்து வாங்க முடியாதது அளவு ஒன்றுதான். அதனை எடுக்க நாடாவும் கொப்பியும் போதும். தீவகத்துப் பாடசாலை மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும் புலம்பெயர்ந்தோர், தோணியில் தண்டையலாக இருந்த முதியவரின் பேரப்பிள்ளைகள் என்று எவரும் இதனைத் தொடங்கலாம். கரையில் ஏற்றப்பட்ட கலத்தின் நீளம், அகலம், ஆழம், பலகைத் தடிப்பு, ஆணி இடைவெளி ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு உறுப்புக்கும் ஊரார் வழங்கும் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓடாவி ஒருவர் உயிரோடிருக்கும்போதே எழுதுங்கள். அப்பெயர்கள் அவரோடு போய்விடும்.