ரயில்கன் ஆய்வகம்

ரயில்கன் என்பது வெடிமருந்தின்றி மின்காந்த விசையால் எறிபொருளைச் செலுத்தும் கருவி. இணையான இரண்டு உலோகத் தண்டவாளங்களுக்கு நடுவே மின்கடத்தும் பாலம் ஒன்று இருக்கும். ஒரு தண்டவாளத்தில் புகும் மின்னோட்டம் பாலத்தைக் கடந்து மற்றதன் வழியே திரும்பும்போது எழும் காந்தப்புலம், பாலத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இலட்சக்கணக்கான ஆம்பியரை மில்லிநொடிகளில் பாய்ச்ச வேண்டியிருப்பதால், இத்தகைய ஆய்வகத்தின் முதல் தேவை மின்னாற்றல் சேமிப்பு.

முதல் உலகப் போர்க் காலத்தில் மின் பீரங்கியை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர் ஃபோஷோன்-வில்லப்லே 1922-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1944-ல் ஜெர்மனியின் யோவாக்கிம் ஹான்ஸ்லர் விமான எதிர்ப்புப் பீரங்கியாக ரயில்கன்னை முன்மொழிந்தார். இது கேட்ட மின்திறனை அன்றைய மின்னாக்கிகளால் தர இயலவில்லை.

திருப்பம் கான்பெராவில் நேர்ந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஒலிஃபண்ட் துகள் முடுக்கி ஒன்றுக்காக ஒருமுனை மின்னாக்கியைக் கட்டினார். சுழலும் எஃகு வட்டுகளில் 500 மெகாஜூல் ஆற்றலைத் தேக்கிய அது 1962-ல் இயங்கத் தொடங்கியது. முடுக்கித் திட்டம் கைவிடப்பட்டபின் மின்னாக்கி பிற ஆய்வுகளுக்குக் கிடைத்தது. வட்டுகளிலிருந்து மின்னோட்டத்தைத் திரட்ட முதலில் திரவ சோடியம்-பொட்டாசியம் பயன்பட்டது. தீப்பற்றும் அபாயமுள்ள அதற்கு மாற்றாக, ரிச்சர்ட் மார்ஷல் வடிவமைத்த செம்பு-கிராஃபைட் பிரஷ்கள் பொருத்தப்பட்டன.

மார்ஷல், ஜான் பார்பர், ராஷ்லீ ஆகியோரின் முயற்சியால் அங்கு ரயில்கன் உருவானது. மின்னாக்கியின் வெளியீடு ரயில்கன்னுக்கு மிக மெதுவானது. எனவே முதலில் ஒரு மின்தூண்டிச் சுருளை மின்னோட்டத்தால் நிரப்பி, பிறகு சுவிட்சைத் திறந்து அதைத் தண்டவாளங்களுக்குத் திருப்பினர். உலோகப் பாலத்துக்குப் பதிலாக, எறிபொருளின் பின்புறம் மின்வில் எரிந்து பிளாஸ்மாவாகித் தள்ளியது. 1978-ல் வெளியான முடிவின்படி, 5 மீட்டர் நீளக் கருவியில் 3 கிராம் பாலிகார்பனேட் துண்டு நொடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகம் எட்டியது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 52 கிலோஜூல் மட்டுமே. எனினும் இந்த முடிவு பல நாடுகளில் ஆய்வைத் தூண்டியது. கான்பெரா மின்னாக்கி 1986-ல் ஓய்வு பெற்றது.

1982-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் 317 கிராம் எறிபொருளை நொடிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தியது. பின்னர் வந்த ஆய்வகங்கள் பெரும்பாலும் மின்தேக்கி வங்கிகளை நாடின. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓ-வின் புனே படைக்கல ஆய்வு நிறுவனம் 1994-ல் 240 கிலோஜூல் வங்கியைக் கொண்டு, சுமார் 3 கிராம் எறிபொருளை நொடிக்கு 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்தியது. வர்ஜீனியாவின் டால்க்ரென் கடற்படை ஆய்வகம் எறிபொருளின் இயக்க ஆற்றலில் 2008-ல் 10 மெகாஜூலையும், 2010 டிசம்பரில் 33 மெகாஜூலையும் எட்டியது.

ஆற்றல் கூடக்கூட, தண்டவாளத் தேய்மானம் முதன்மைச் சிக்கலாயிற்று. உராய்வும் மின்வில்லும் உலோகப் பரப்பை உருக்கி அரித்துவிடும். அதனால் உயர் ஆற்றலில் பலமுறை சுடத் தாங்கும் பொருள்களைத் தேடுவது ஆய்வகங்களின் தனிப் பிரிவாக வளர்ந்தது. அமெரிக்கக் கடற்படை 2021-ல் தன் திட்டத்தை நிறுத்தியது. ஜப்பான் 2023-ல் கப்பலிலிருந்து கடலில் சுட்டுச் சோதித்தது.